சாயத் தொட்டிக்குள் துத்தநாகக் கூட்டம்

சாயப்பட்டறைத் தொட்டியில் ரத்தச் சிவப்பாகக் கழிவுநீர். அதைச் சுத்தம் செய்யக் கண்ணுக்கே தெரியாத துத்தநாக ஆக்சைடு துகள்கள் ஆரவாரமாகக் குதித்தன. "நாம எத்தனை பேர் பாருங்கடா!" என்று சந்தோஷத்தில் ஒன்றையொன்று கட்டிப்பிடித்தன. வெயிலும் சாயமும் உள்ளே எட்டாத உருண்டையாகி அடியில் போய் உட்கார்ந்துவிட்டன. சாயம் விழுந்து விழுந்து சிரித்தது.

மறுநாள் காலை தொட்டிக்குள் களிமண் வந்து அந்த உருண்டையைப் பிரித்துத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டது. "ஆளுக்கொரு இடம்! இடிச்சுக்காம உட்காருங்க. இதோ உங்களுக்குச் சக்தி தர்ற வெயிலும் வந்தாச்சு!"

வெயில் பட்டதுதான் தாமதம், துகள்கள் சாயத்தின் மேல் பாய்ந்தன. சாயம் சுக்குநூறாக உடைய உடையத் தண்ணீர் தெளிந்தது.

"நேத்து வந்த அதே ஆளுங்கதானே நீங்க?" கடைசியாக மிஞ்சிய துளிச் சாயம் அலறியது.

"அதே ஆளுங்கதான்! நேத்து எங்களையே பார்த்துக்கிட்டிருந்தோம். இன்னிக்குத்தான் உன்னைப் பார்க்கிறோம்!"