ரப்பர் பூட்ஸில் சேறு

வசந்தம் பிறந்ததும் கடலோரச் சதுப்புக்குப் பறவை பார்க்கப் போவதென்று ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் முடிவு செய்தபோது, அவர் மனைவியால் கட்டிலிலிருந்து சமையலறை வரைக்கும்கூட ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. இடுப்பு ஆபரேஷன். அவளை நடக்கவைக்க மனுஷருக்குத் தோன்றிய ஒரே வழி இதுதான். இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிவந்து கதவருகே வைத்தார்.

"வாசலுக்கே வர முடியல, இதுல நான் சேத்துல வேற நடக்கணுமாக்கும்!"

"அதுக்குள்ள நடந்துடுவே, பாரு."

மறுநாள் காலையில் அவளுடைய பூட்ஸில் ஈரச் சேறு அப்பியிருந்தது. அவருடையது கடைப் பளபளப்பு மாறாமல் நின்றது. கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. கடலுக்குப் போக ஒரு பகல் முழுக்க பஸ் ஓட்ட வேண்டும். அது அவருக்குத் தெரியாதா என்ன? யாரிடம் கேட்பதென்று புரியாமல் சத்தமில்லாமல் கழுவிக் காயவைத்தார். அடுத்த நாளும் சேறு. அதற்கடுத்த நாளும் சேறு. மனைவியோ படுத்தது படுத்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

பயத்தைவிட அவருக்குப் பொறாமைதான் அதிகம். ஒரு சாயங்காலம், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அவளுடைய பூட்ஸிடம் குனிந்தார்.

"என்னையும் கூட்டிட்டுப் போனா கொறஞ்சா போயிடுவீங்க?"

மறுநாள் காலையில் இரண்டு ஜோடியிலும் சேறு. அவருக்குக் கெண்டைக்கால் விண்விண்ணென்று தெறித்தது. எங்கும் போன ஞாபகம் மட்டும் இல்லை. துணியோடு துடைக்க உட்கார்ந்தபோது, உள்ளேயிருந்து மனைவியின் குரல் எரிச்சலாக வந்தது.

"ஏங்க, இப்படியா தொம்முதொம்முன்னு நடப்பாங்க? இத்தனை நாளா பக்கத்துல வந்துக்கிட்டிருந்த பறவையெல்லாம் பறந்துபோயிடுச்சு."