ஓடாத பொத்தான்

கம்ப்யூட்டர் மொழியின் புது வெர்ஷன் தலையில் ஏறினால் பழையது அழிந்துவிடும். அதில் தானே எழுதியதெல்லாம்கூட வேறு யாரோ எழுதியதுபோலத் தோன்றும். புரோகிராமர் இளம்பரிதிக்கு இன்று காலைதான் பதினெட்டாவது வெர்ஷன் ஏறியிருந்தது.

கல்யாண நாளாயிற்றே என்று, கல்யாணத்துக்கு முன் அவன் காதலைச் சொல்ல எழுதித் தந்த குட்டி ஆப்பை மனைவி மதிவதனி திறந்து நீட்டினாள். 'என்னைக் கட்டிக்கிறியா?' என்ற கேள்வி. கீழே 'சரி', 'மாட்டேன்' என இரண்டு பொத்தான்கள். 'மாட்டேன்' பக்கம் விரல் போனால் அது நழுவி ஓடும்.

"எந்த மடையன் எழுதினான் இதை? பட்டன் ஓடுது பாரு, எவ்வளவு பெரிய தப்பு!"

அவள் வாயைத் திறப்பதற்குள் திருத்தியே விட்டான்.

"இந்தா, இனிமே ஓடாது. அமுக்கிப் பாரு."

'மாட்டேன்' அசையாமல் நின்றது. மதிவதனி அவனைப் பார்த்துக்கொண்டே, நன்றாக அழுத்தி அமுக்கினாள்.