ஏழாவது விலா

தராசின் ஒரு தட்டைக் கழற்றிவிட்டு, அந்த மரச் சட்டத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டார் ரத்தினம் ஆசாரி.

கோட்டாறு கடைவீதியில் இருபத்தைந்து வருடமாகப் பொன் நிறுத்த கை. மரத்தை நிறுப்பது இதுதான் முதல் தடவை.

மீன் முள்ளைப் போல மெலிந்த சட்டம். இரண்டு முழ நீளம். ஆகாய விமானத்தின் இறக்கைக்கு இதுதான் விலா எலும்பாம். வலப் பக்கம் பத்து, இடப் பக்கம் பத்து.

செய்தவன் ஜெபதாஸ். சண்டைக் காலத்தில் விமானப் படையில் விமானம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்துவிட்டு வந்தவன். ஆரல்வாய்மொழியில் ஓர் ஓலைக் கொட்டகைக்குள் சொந்தமாக விமானம் கட்டிக்கொண்டிருக்கிறான். மூட்டுகளில் பலகைத் துண்டு வைத்துப் பசை ஒட்டுவது அவன் மனைவி சத்தியபாயின் வேலை. இருவரும் விலாக்களைப் பனையோலைக் கடவத்தில் அடுக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார்கள்.

"இது பறந்திருமா மக்கா?"

"ரெண்டு பக்கமும் எடை ஒத்து வந்தா பறக்கும் ஆசாரியே. ஒரு பக்கம் கூடிச்சுன்னா சரிஞ்சிரும்."

"சரிஞ்சா?"

"உமக்கு ஒரு கிராக்கி குறைஞ்சிரும்."

சத்தியபாய் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

வலப் பக்கத்து முதல் விலா இருபது பவுன். அடுத்ததும் அதேதான். ஆறு வரை ஒரு குன்றிமணி முன்னே பின்னே, அவ்வளவுதான். ஆசாரிக்கு வியப்பாக இருந்தது. நகையில்கூட இத்தனை ஒழுங்கை அவர் பார்த்ததில்லை.

ஏழாவது இறங்கியது.

குன்றிமணியாகச் சேர்த்துப் பார்த்தார். போதவில்லை. கடைசியில் அரைப் பவுன் படிக்கல்லை வைத்ததும் முள் நேராக நின்றது. நூலளவும் பிசகவில்லை.

கூடுதலாக வழிந்த பசை இவ்வளவு கச்சிதமாக அரைப் பவுன் நிற்குமா?

நிமிர்ந்தார். சத்தியபாய் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். கழுத்தில் வெறும் கறுப்புக் கயிறு.

வீட்டுக்கு நிலை வைக்கிறவர்கள் அடியில் ஒரு பொட்டுப் பொன் வைப்பார்கள், வீடு நிலைக்கட்டும் என்று. இவள் இறக்கைக்குள் வைத்து ஒட்டியிருப்பது தாலியை. மூன்று வருடம் முன்பு ஒரு பவுனை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் அதை அடித்துக் கொடுத்தவரே அவர்தான்.

பலகையைப் பெயர்த்துப் பார்க்கிறேன் என்று புருஷன் கிளம்பினால்? கடைவீதியே பார்க்க, தாலியைக் கழற்றியவளாக அல்லவா நிற்பாள்?

"அரைப் பவுன் கூடுது," என்றார் தயங்கி. "பசை ஊறியிருக்கும்."

ஜெபதாஸ் கத்தியைத் தேடவில்லை. பலகையைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இடப் பக்கத்து ஏழாவதை எதிரே தூக்கிப் பாரும் ஆசாரியே."

மறு தட்டையும் கழற்றிவிட்டு அங்கே அதைத் தொங்கவிட்டார். தண்டு மேலும் கீழும் ஆடியது. அடங்கியது.

முள் நட்ட நடுவில் நின்றது.

எப்படி என்று புரியாமல் சத்தியபாய் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப சரிதான்," என்று சொல்லி, நூலை அவிழ்க்கக் கை நீட்டினான் ஜெபதாஸ்.

அந்தப் பவுனின் மறு பாதியில் ஆசாரி அடித்துக் கொடுத்த மோதிரம் கிடந்த விரலில், இப்போது வெளுத்த தழும்பு மட்டும் வட்டமாக இருந்தது.