தண்ணீருக்குள் ஒரு முகம்

மீன் தொட்டிக்குள் மறுபடியும் அந்த முகம் தெரிந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்தர் பேகம் டீச்சர் கைப்பையை நழுவவிட்டாள். ஆரஞ்சு மீன்களுக்கு நடுவே, தண்ணீரில் உப்பிப் பெருத்த ஒரு தாடி முகம். சத்தமே இல்லாமல் வாய் மட்டும் அகலத் திறந்து திறந்து மூடியது. அவளைக் கண்டதும் சட்டென்று மறைந்துவிட்டது.

பேய் இல்லை. கணவனின் அண்ணன் பாட்சாதான். அதற்குப் பேயே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அண்ணனும் தம்பியும் சண்டை போட்டு, செம்பாக்கத்து வீட்டை இரண்டாக்கியபோது நடுக்கதவைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். நடுச்சுவரில் பதித்திருந்த மீன் தொட்டியை மட்டும் யாரும் தொடவில்லை. இரண்டு வீட்டிலிருந்தும் தெரியும். மீனுக்குப் பங்கு பிரிக்க எந்த வக்கீல் வருவான்?

தம்பி சுஃபியான் பக்கவாதத்தில் பேச்சிழந்து படுத்து ஆறு மாதமாகிறது. பார்க்க வந்த பாட்சாவை, "பாதி வீடு பத்தலையா? இந்த வாசப்படி மிதிக்காதீங்க" என்று திருப்பி அனுப்பியவள் அவள்தான்.

அதிலிருந்து இப்படி. பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கிளம்பி, அவள் வந்து சேரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் முகம் வந்து நிற்கிறது.

கட்டிலைப் பார்த்தாள். சுஃபியானின் வாயும் அதே மாதிரி, சத்தமில்லாமல் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது!

"யா அல்லாஹ்! செய்வினையேதான்!"

கதவைப் பூட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து ராஜகீழ்ப்பாக்கம் மீன் கடைக்கு ஓடினாள்.

"தொட்டிக்கு நடுவுல தடுப்பு வேணும்."

"வலை போட்டது கீது, கண்ணாடி கீது. இன்னா மாதிரி வேணும்க்கா?" என்றார் கடைக்கார ஏகநாதன்.

"அந்தப் பக்கம் எதுவும் தெரியக் கூடாது. கறுப்பு பிளாஸ்டிக்ல குடுங்க."

"தண்ணி போய் வர ஓட்டை போட்டுத் தரேன்."

"ஓட்டையே வேணாம்."

"மோட்டார் ஒரு பக்கம்தானே கீது? அந்தாண்ட மீனு மூச்சு முட்டிப் பூடும்க்கா!"

"அது என் மீன் இல்ல."

ஏகநாதன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் தகட்டை அறுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டி மூடியைத் தூக்கி, தகட்டை நெடுக இறக்கினாள். பாதி இறங்கியிருக்கும். அந்தப் பக்கம் மறுபடியும் முகம்! உள்ளங்கைகள் இரண்டும் கண்ணாடியில் அப்பியிருக்க, வேண்டாம் வேண்டாம் என்று தலை ஆடியது.

பிஸ்மி சொல்லி ஒரே அழுத்தாக அழுத்தினாள். முகம் போயே போய்விட்டது.

"இனிமே அந்தக் கண்ணு உங்க மேல படாதுங்க," என்றாள் மூச்சு வாங்க.

"எ... டு."

முதுகுக்குப் பின்னால் கரகரத்த குரல். வீட்டில் பேசக்கூடியவர்கள் வேறு யாரும் இல்லை. பயந்து பயந்து திரும்பினாள்.

சுஃபியான்! டாக்டரே கைவிரித்த மனுஷன்!

"என்னங்க... பேசிட்டீங்களே!" கட்டிலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "யாருங்க உங்களைப் பேச வச்சது?"

அசைகிற கையைத் தூக்கி, அந்தக் கறுப்புத் தகட்டைக் காட்டினான் சுஃபியான். தொட்டி முகம் தினமும் செய்ததைப் போலவே வாயை அகலத் திறந்து, மெல்ல மூடி, எழுத்தெழுத்தாகச் சொன்னான்.

"அண்... ண... ன்."