தொப்பி காட்டிய பக்கம்

"இன்னைக்கு ஜெயிக்கலேன்னா அந்தத் தொப்பியை எடுத்துட்டு அப்படியே கிளம்பிடு, ஒட்டோ. வர்ற சீசனுக்கு நான் வேற கோச் பாத்துக்கறேன்."

கிளப் தலைவர் கேஸா சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பினார். எங்கள் ஊரில் கறிக்கடை வைத்திருப்பவர். பேச்சிலும் வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான்.

ஒட்டோ இருபது வருஷம் இதே கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர், இப்போது மூன்று வருஷமாகக் கோச். இந்த மைதானத்தை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. கோல்கீப்பர் காலத்தில் வெயிலுக்குப் போட்ட தொப்பி இன்னும் தலையில் இருந்தது. மைதானத்துக்கு ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சர்ச். எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தால் தொப்பியின் முனையை ஆற்றுப் பக்கமோ சர்ச் பக்கமோ திருப்புவார். கோல்கீப்பர் லேஹெல் அந்தப் பக்கம் பாய வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆட்டம் முடியப் போகிற நேரம். எங்கள் அணி ஒரு கோல் முன்னிலை. அப்போது பார்த்து எதிரணிக்குப் பெனால்டி.

"போச்சு" என்றார் கேஸா.

அடுத்த ஊர் டிராக்டர் மெக்கானிக் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். லேஹெல் ஓரக்கண்ணால் கோச்சைப் பார்த்தான். ஒட்டோ தொப்பியைச் சர்ச் பக்கம் திருப்பினார்.

மெக்கானிக் உதைத்தான். லேஹெல் ஆற்றுப் பக்கம் பாய்ந்தான். பந்து அவன் நெஞ்சில் வந்து ஒட்டிக்கொண்டது.

வெற்றி விருந்தாக மைதானத்து ஓரத்திலேயே கொப்பரையில் மீன் சூப் கொதித்தது. பீர்க் கோப்பைகளை முட்டிக்கொள்வது எங்கள் ஊரில் வழக்கமில்லை என்பதால், கேஸா சந்தோஷத்தை எல்லாம் ஒட்டோவின் முதுகில் அறைந்து காட்டினார்.

"மாஸ்டர், மனசுல வெச்சுக்காதீங்க" என்றான் லேஹெல், வாய் நிறைய ரொட்டியோடு. "நீங்க சர்ச் பக்கம்னீங்க. நான்தான் கேக்கல."

கேஸாவின் கை பாதியில் நின்றது. "அப்ப இவன் எதுக்கு தண்டத்துக்கு?"

"ஐயோ, அனுப்பிடாதீங்க தலைவரே. மூணு வருஷமா பாக்கறேன், மாஸ்டர் காட்டுறது எப்பவும் தப்பான பக்கம்தான். நான் அதுக்கு எதிர்ப் பக்கம் பாயறேன், பந்து கைக்கு வருது. இப்படி ஒரு கோச் தேடினாலும் கிடைக்க மாட்டார்."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கேஸாவும் சிரித்துவிட்டு, "சரி, அடுத்த சீசனும் இவனே இருக்கட்டும்" என்றார். ஒட்டோ தலை நிமிராமல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் அவர் மனைவி பிரோஷ்கா பிடித்துக்கொண்டாள். "ஏன்யா, ஊரே பாக்க அவன் உன்னைக் கேலி பண்றான், நீ பாட்டுக்கு சூப் குடிக்கறே. கொஞ்சமாவது ரோஷம் வேணாம்? சரியான பக்கத்தைக் காட்டித் தொலைக்கறதுக்கென்ன?"

ஒட்டோ தொப்பியை ஆணியில் மாட்டினார்.

"காட்டினா அவன் அந்தப் பக்கம் பாய மாட்டானே, பிரோஷ்கா. இருபது வருஷம் கோல்கீப்பரா நின்னேன், ஒரு நாளாவது நான் கோச் சொன்ன பக்கம் பாஞ்சிருக்கேனா?"