லீவர் பக்கம்

மூச்சுச் சோதனையில் பாதி மூச்சை உள்ளேயே வைத்துக்கொள்வது என்ற முடிவோடுதான் மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான்.

நிலக்கரிச் சுரங்கத்தில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். அவன் மனைவியின் அண்ணன் அப்படிக் கூப்பிடப்போய் அதுவே ஒட்டிக்கொண்டது. இப்போது அவனுடைய வயிற்றெரிச்சலுக்கெல்லாம் காரணமும் அந்த மச்சான்தான்.

பின்னே என்ன? பதினெட்டு வருடம் இரண்டு பேரும் ஒரே வெட்டு மிஷினில் நின்றவர்கள். போன மாதம் இதே சோதனைக்குப் போய் ஊதிவிட்டு வந்த மச்சானுக்கு, தரைக்கு மேலே விளக்கறையில் வேலை கிடைத்துவிட்டது. ஷிப்டுக்கு இறங்குகிறவர்களிடம் தலைவிளக்கை எடுத்துக் கொடுக்க வேண்டும், ஏறி வருகிறவர்களிடம் திரும்ப வாங்கித் துடைத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. உட்கார நாற்காலி, தலைக்கு மேலே மின்விசிறி, போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டை.

ஏன் மாற்றினார்கள் என்று கேட்டதற்கு, "வயசாச்சுன்னு மேலே தூக்கிப் போட்டுட்டாங்க" என்று சிரித்தார் மச்சான். நாற்பத்தாறெல்லாம் ஒரு வயசா?

நாற்காலி கிடைத்ததும் தோரணையும் வந்துவிட்டது. இரண்டு வார்த்தை பேசுவார், நிறுத்துவார், பெரிய அதிகாரி மாதிரி எங்கேயோ பார்ப்பார், அப்புறம்தான் அடுத்த இரண்டு வார்த்தை வரும்.

வீட்டில் மனைவி வேறு. அண்ணன் சட்டையில் பொட்டுக் கரி கிடையாது, துவைக்கிற அண்ணி கொடுத்து வைத்தவள் என்று நாளைக்கு மூன்று தடவையாவது சொல்லிவிடுவாள்.

கீழே இருந்தபோதும் இதே கதைதான். மிஷினை ஓட்டுகிற லீவர் பக்கம் ஒருத்தர், அதன் கரண்ட் கேபிளை இழுத்துக் கொடுக்கிற பக்கம் ஒருத்தர் நிற்க வேண்டும். பாதி ஷிப்டில் இடம் மாறிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஒருத்தர் கையே வலிக்கக் கூடாது என்பதற்காக இருக்கும் என்று மாப்பிள்ளை நினைத்திருந்தான். மச்சானோ ஒரு நாள்கூட லீவரை விட்டுக் கொடுத்ததில்லை. பதிவேட்டில் மட்டும் மாறி நின்றதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். சூப்பர்வைசர் வந்தால் லீவரைப் பிடித்திருப்பவர் முதுகைத்தான் தட்டிக் கொடுப்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாப்பிள்ளை வாய்விட்டே கேட்டுப் பார்த்தான்.

"உனக்கு லீவர் பிடிக்கத் தெரியாது மாப்ளே. அந்தப் பக்கமே நில்லு" என்றார் மச்சான், பத்துப் பேர் முன்னால். அது இன்றுவரை அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

இப்போது விளக்கறையில் இன்னொரு நாற்காலி காலி. நெஞ்சு சரியில்லாதவர்களுக்குத்தான் அது கிடைக்கும். மச்சான் நடித்து வாங்கியிருக்கிறார். நமக்கு நடிக்கத் தெரியாதா?

சோதனை அறையில் இருந்த பெண் அவன் மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்தாள். இழுத்துப் பிடித்து ஊதச் சொன்னாள். அவன் திட்டப்படி பாதியில் நிறுத்தி இருமினான். மூன்று தடவையும் அப்படியே.

திரையைப் பார்த்துவிட்டு அவள் கிளிப்பைக் கழற்றினாள்.

"நிஜமா நோய் இருக்கிறவங்க ஊதினா மூணும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் வரும். உங்களுது தடவைக்குத் தடவை மாறுது. இப்ப நடிக்காம ஊதுங்க."

அசடு வழிய, நாலாவது தடவை முழு மூச்சையும் ஊதினான். 'இந்தம்மாவையே ஏமாற்றியிருக்கிறாரே மச்சான், அதிலும் கெட்டிக்காரர்தான்' என்று அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.

நெஞ்சுக்கு எக்ஸ்ரேயும் எடுத்த பிறகு உள்ளே அனுப்பினார்கள். டாக்டரம்மா விளக்குப் பலகையில் இரண்டு எக்ஸ்ரே படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். ஒன்று தெளிவாக இருந்தது. இன்னொன்றில் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், மேலே ஒரு பெரிய திட்டு.

"தெளிவா இருக்கிறது உங்களுது. இன்னொண்ணு உங்க மச்சானோடது. வீட்டு ஆள்தானே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

மாப்பிள்ளைக்குத் தெரியாது. வீட்டில் யாருக்குமே தெரியாது.

"ஒரே மிஷின், ஒரே பதினெட்டு வருஷம். பாதிப் பாதி இடம் மாறி நின்னதாப் பதிவேட்டிலே இருக்கு. அப்படின்னா ரெண்டு படமும் ஒரே மாதிரி இருக்கணுமே. எப்படி?"

"இடம் மாறச் சொல்றது கை வலிக்காகத்தானே டாக்டர்?"

"யார் சொன்னா? சுரங்கத்திலே காத்து உங்க கேபிள் பக்கத்திலேர்ந்து வந்து லீவர் பக்கமாப் போகுது. வெட்டுற தூசி பூரா லீவர்காரர் மூஞ்சியிலதான் அடிக்கும். ஒருத்தரே அவ்வளவையும் முழுங்கக் கூடாதுன்னுதான் மாறச் சொல்றாங்க."

மாப்பிள்ளை சோதனை முடிவுச் சீட்டைக்கூட வாங்காமல் எழுந்து வந்துவிட்டான்.

விளக்கறை ஜன்னலுக்குள் மச்சான் ஒரு விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தார்.

"படத்துல என்ன?"

"சுத்தமா இருக்காம், மச்சான்."

மச்சான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. முதலில் போய் தங்கச்சியிடம் சொல்லச் சொன்னார்.

மாப்பிள்ளை நகரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியும். ஏன் மச்சான் ஒரு நாள்கூட இடம் மாறலை?"

மச்சான் மறுபடி விளக்கை எடுத்துக்கொண்டார்.

"உனக்கு லீவர்... பிடிக்கத் தெரியாது... மாப்ளே."

அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.