ரிப்பன் கட்டிய சரிவு

பள்ளி வாசலில் புதுச் சரிவுப்பாதை வெயிலில் மினுங்குகிறது. குறுக்கே சிவப்பு ரிப்பன், இருபுறமும் பூந்தொட்டிகள். கீழே சக்கர நாற்காலியில் கணக்கு டீச்சர், மடியில் சாக்பீஸ் டப்பா. "சாயங்காலம் விருந்தாளி வந்து திறக்கிறவரைக்கும் அழுக்காகக் கூடாதும்மா. இன்னைக்கும் படியில தூக்கி விட்டுடறோம்" என்கிறார் தலைமையாசிரியர். அவளைக் கேட்காமலேயே இரண்டு பேர் நாற்காலியை மூட்டைபோலத் தூக்க, புடவை முழங்கால்வரை விலகுகிறது. "இறக்குங்கண்ணே!" நாற்காலி தரைக்கு வருகிறது. "பாவம், இவங்களுக்கெல்லாம் கோபம் பொசுக்குனு வந்துடும்" என்று தூக்கியவர்களில் ஒருவர் முணுமுணுக்கிறார். "சார், இந்தப் பாதை யாருக்கு?" "உங்களுக்குத்தாம்மா!" கேளுங்கள் நியாயத்தை, சோறு பசித்தவளுக்காம், அவள் மட்டும் தொடக் கூடாதாம்! "அப்ப வழிவிடுங்க." அவள் கைகள் சக்கரத்தை உந்துகின்றன. ரிப்பன் அவள் மார்பில் விறைத்து, பட்டென்று அறுகிறது. புத்தம் புதுச் சிமெண்டில் இரண்டு மண்கோடுகள் வகுப்பறையை நோக்கி ஏறுகின்றன.